பேட்ச் எண் என்ன?

புதுச்சேரி
21.12.2025

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே மழை விட்டாலும் ஈரம் விடவில்லை. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்து மடித்தால் உப்புக்காற்றின் பிசுபிசுப்பு கையில் ஒட்டுகிறது. தாத்தா தினமும் காலையில் கடற்கரைச் சாலை வரை நடந்துவிட்டு வருகிறார். உன் மாமாதான் முட்டிவலி என்று நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்.

நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ இருந்த கோபத்தில் நான் வாயைத் திறந்தாலே குறுக்கே விழுந்திருப்பாய். அதோடு இதில் கொஞ்சம் கணக்கு வேறு இருக்கிறது. கணக்கைக் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது நல்லது. அதனால்தான் கடிதம். சாப்பிட்ட பிறகு நிதானமாகப் படி.

நடந்தது இதுதானே? ராக்கெட் ஏவுகம்பியை விட்டு ஒரு பனை உயரம்கூடப் போகவில்லை. மோட்டார் டமார் என்று வெடித்தது. குழல் கிழிந்து, பாராசூட் கருகி, நீங்கள் ஒரு செமஸ்டர் முழுக்க உட்கார்ந்து செய்த உயரமானியும் குட்டிக் கேமராவும் தரையில் விழுந்து சிதறின. மோட்டாரைப் பொருத்தியவன் உங்கள் அணியில் ஒரு பையன். அன்றிலிருந்து எல்லோருடைய விரலும் அவன் பக்கம். அவன் லேபுக்கே வருவதில்லை. “அவன்தான் அத்தை ஒழுங்கா வைக்கல” என்று நீயும் சொன்னாய்.

அதற்கு நான் கேட்ட ஒரே கேள்வி உனக்கு எரிச்சலாக இருந்தது: அந்த மோட்டாரின் பேட்ச் எண் என்ன? “வெடிச்சுப் போனதுக்கு நம்பர் எதுக்கு?” என்றாய். எதற்கு என்று சொல்கிறேன்.

2023 பிப்ரவரி 19 அன்று பட்டிபுலத்திலிருந்து பள்ளிப் பிள்ளைகள் செய்த 150 பிக்கோ செயற்கைக்கோள்களைச் சுமந்து ராக்கெட் கிளம்பியதிலிருந்து உனக்கு இந்தப் பைத்தியம். அடுத்த வருஷம் ஆகஸ்டில் திருவிடந்தையில் ரூமி-1 ராக்கெட் பறந்தபோது கேட்கவே வேண்டாம். சேதராப்பட்டு மாத்திரைக் கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அத்தைக்கு ராக்கெட்டைப் பற்றி என்ன தெரியும் என்று நீ நினைக்கலாம். ராக்கெட் எனக்கு நீ சொல்லித்தான் தெரியும். பேட்ச் எனக்கு உன்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எங்கள் தொழில் மொத்தமும் அதில் அடக்கம். ஆனால் அந்தப் பழமொழிக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: சோறு ஒரே பானையில், ஒரே உலையில் வெந்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பானையைப் பற்றி இந்தப் பருக்கை ஒன்றும் சொல்லாது. ஒரே மூலப்பொருளில், ஒரே இயந்திரத்தில், ஒரே ஓட்டத்தில் செய்தவற்றுக்கு ஒரே பேட்ச் எண் போடுவது அதற்காகத்தான். ஒன்று கெட்டால் அதே எண் உள்ள மற்றவற்றைச் சந்தேகப்படலாம். வேறு எண் உள்ளவற்றை நிம்மதியாகப் பயன்படுத்தலாம். எண் தெரியாவிட்டால் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். அது முடியாத காரியம் என்பதால் கையில் கிடைத்த ஆளைச் சந்தேகப்படுவார்கள்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் இறந்த செய்தி நினைவிருக்கும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தில் எஸ்.ஆர்-13 என்ற பேட்சை எடுத்துத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தது. அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால். சிறுநீரகத்தைக் கொல்லும் விஷம் அது. எந்தப் புட்டியை அலமாரியிலிருந்து முதலில் எடுக்க வேண்டும் என்று நாடு முழுக்கச் சொல்ல முடிந்தது அந்த எண் இருந்ததால்தான். அதற்குள் போன உயிர்களை அந்த எண் திருப்பித் தரவில்லை என்பதும் உண்மை. எண் அட்டையில் இருந்தால் போதாது. அதை யாராவது முதல் தவறிலேயே கேட்க வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு ஐப்பசி மழையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மாத்திரையின் மேல் பதிந்த எழுத்து பெயர்ந்து, குழி விழுந்திருக்கிறது என்று புகார் வந்தது. மாத்திரையை அழுத்தும் பன்ச்சில் தூள் ஒட்டிக்கொண்டால் அப்படி ஆகும், ஸ்டிக்கிங் என்போம். நைட் ஷிஃப்டில் மெஷின் ஓட்டியவர் பன்ச்சை ஒழுங்காகத் துடைக்கவில்லை என்று பேச்சு கிளம்பி, அவருக்கு மெமோவும் அடித்தாகிவிட்டது. எங்கள் மேடம் மெமோவை ஓரமாக வைத்துவிட்டு பேட்ச் ரெக்கார்டைக் கொண்டுவரச் சொன்னார். அதே மனிதர் அதே ராத்திரி ஓட்டிய இன்னொரு பேட்சில் ஒரு புகாரும் இல்லை. புகார் வந்த மாத்திரைகளும் பேட்ச் முழுக்கப் பரவியிருக்கவில்லை. கடைசி டிரம்களில் இருந்த தூளில் அடித்தவை மட்டும்தான். கரண்ட் போய் ஈரநீக்கி நின்றிருந்த நேரத்தில் அந்த டிரம்கள் மட்டும் அறையில் காத்திருந்தன. நேரம் உட்பட எல்லாம் ரெக்கார்டில் எழுதியிருந்தது. மெமோ கிழிந்தது. அடுத்த மழைக்கு முன்னால் ஈரநீக்கிக்கு ஜெனரேட்டர் இணைப்பு வந்தது. அவரைத் தண்டித்து முடித்திருந்தால் ஜெனரேட்டர் வந்திருக்காது, அடுத்த மழையிலும் அதே குழி விழுந்திருக்கும்.

இனி உன் ராக்கெட்டுக்கு வருகிறேன். நீ போனை வைத்த பிறகு நானும் கொஞ்சம் படித்தேன்.

1950-களின் கடைசியில் அமெரிக்கப் பிள்ளைகள் வீட்டுப் பின்கட்டில் வெடிமருந்து இடித்து ராக்கெட் செய்து கையைச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்தைப் பிள்ளைகள் தொடவே கூடாது, ஆலையில் அடைத்த மோட்டாரை வாங்கிச் செருகினால் போதும் என்ற யோசனையை நெப்ராஸ்காவில் செருப்புக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் செய்து காட்டினார். ஹாரி ஸ்டைன் அதை ஊரறியச் செய்தார். வெர்ன் எஸ்டெஸ் அதற்கென்றே ஒரு இயந்திரம் கட்டி மேபல் என்று பெயர் வைத்தார். ஐந்தரை விநாடிக்கு ஒரு மோட்டார். கணக்குப் போட்டுப் பார்: ஒரு மணி நேரத்துக்கு 650-க்கு மேல். களிமண் அன்றைக்குக் கொஞ்சம் ஈரமாக இருந்தது, அல்லது அழுத்தம் கொஞ்சம் குறைந்தது என்று வை. ஒரு மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்றால் 650 கோளாறான மோட்டார்கள் பெட்டிகளில் ஏறி நாடெங்கும் போய்விடும். ஒரு ஊரில் ஒன்று வெடிக்கும், ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொன்று வெடிக்கும். ஒவ்வொரு ஊரிலும் ஒரு பையன் தன் கையைத் தானே நொந்துகொள்வான், அல்லது உங்கள் அணியைப் போல யாரோ அவனை நோக வைப்பார்கள். வெடித்தவை எல்லாம் ஒரே தேதியில் செய்தவை என்பது யாருக்கும் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள அங்கே ஒரு ஏற்பாடு செய்தார்கள். 1957-ல் தொடங்கிய நேஷனல் அசோசியேஷன் ஆஃப் ராக்கெட்டரி, தோற்ற மோட்டார்களுக்கென்று ஒரு கணக்கெடுப்பு நடத்துகிறது. மோட்டார் தோற்றால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும்: எந்த வகை, யார் செய்தது, குழலில் அச்சிட்ட தேதிக் குறியீடு என்ன, எப்படித் தோற்றது. தோற்றதில்கூட வகை உண்டு. நாசில் பிய்த்துக்கொண்டு போனதா, முன்பக்க மூடி பறந்ததா, பக்கச்சுவர் கிழிந்ததா, பாராசூட் விரிவதைத் தாமதிக்கும் டிலே நீண்டுவிட்டதா, பாராசூட்டைத் தள்ள வேண்டிய எஜெக்‌ஷன் சார்ஜ் எரியவே இல்லையா. ஒரே தேதிக் குறியீட்டில் புகார்கள் சேர்ந்தால் அவர்களுடைய சோதனைக் குழு தயாரிப்பாளரைக் கேட்கிறது. அந்த மோட்டாரை மறுபடி சோதிக்கிறது. தேவைப்பட்டால் சான்றிதழையே எடுத்துவிடுகிறது. சிதறிக் கிடக்கும் பழிகளை ஒரே இடத்தில் கொட்டினால் அது தகவலாகிவிடுகிறது.

இப்போது உங்கள் பையனைப் பார்ப்போம். நீங்கள் வைத்தது ஒருமுறை எரியும் கருமருந்து மோட்டார் என்றாய். காகிதக் குழல், கீழே களிமண் நாசில், அதற்கு மேல் இறுக அழுத்திய கருமருந்து, பிறகு டிலே, எஜெக்‌ஷன் சார்ஜ், களிமண் மூடி. எல்லாம் ஆலையிலேயே அடைத்து வந்தது. அவன் கை பட்டது இரண்டு இடத்தில்தான். ஒன்று, இக்னைட்டரைச் செருகியது. அது சரியாக உட்காராவிட்டால் மோட்டார் பற்றாது, அவ்வளவுதான். இரண்டு, மோட்டாரைக் குழலுக்குள் பிடித்து நிறுத்தியது. அது தளர்ந்திருந்தால் எஜெக்‌ஷனின்போது மோட்டார் பின்பக்கமாகக் கழன்று விழும், பாராசூட் விரியாது. பக்கச்சுவர் கிழிந்து வெடிப்பதற்கும் இந்த இரண்டுக்கும் தொடர்பு சொல்வது கஷ்டம். நீங்களே வளையமும் எரிபொருளும் போட்டுப் பூட்டும் ரீலோட் மோட்டாராக இருந்தால் கதை வேறு. ஒரு ஓ-ரிங்கை மறந்தாலே வெடிக்கும், அங்கே பூட்டியவனைக் கேட்பது நியாயம்.

கருமருந்து மோட்டார் வெடிக்க நன்றாகத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. மருந்து குழலின் உள்சுவரோடு ஒட்டி இறுகியிருக்க வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் சூடேறி, ராத்திரி குளிர்ந்து, மறுபடி சூடேறினால் மருந்தும் காகிதமும் வேறு வேறு அளவில் விரிந்து சுருங்கும். ஒரு கட்டத்தில் மருந்து சுவரை விட்டு மயிரிழை விலகும், அல்லது உள்ளே விரிசல் விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பற்றவைத்தால் நெருப்பு கீழிருந்து அடுக்கடுக்காக மேலே போவதற்குப் பதிலாக அந்த இடுக்கில் ஓடும். எரியும் பரப்பு ஒரே நொடியில் பல மடங்காகும். அழுத்தம் குழலைக் கிழிக்கும். கொஞ்சம் பெரிய மோட்டார்களில் இந்தத் தொல்லை அதிகம்.

சித்திரையில் வாங்கிய மோட்டார்கள் என்றாய். கத்திரி வெயிலில் அவை எங்கே இருந்தன? எல்லாமே லேப் அலமாரியிலா, அல்லது போன முறை ஏவப்போனபோது மிஞ்சிய சில மட்டும் காலேஜ் வேனின் பின்சீட்டுக்கு அடியிலேயே கிடந்தனவா? அப்படிக் கிடந்திருந்தால் அட்டையில் ஒரே எண் இருந்தாலும் அவை இரண்டு பேட்சுகள். எங்கள் கடைசி டிரம் கதையேதான். ஆலை கொடுக்கும் எண்ணோடு நீங்கள் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: அலமாரியில் இருந்தவை அ, வேனில் போய் வந்தவை ஆ.

தோற்றதை மட்டும் எழுதினால் போதுமா? போதாது. நான் சொல்ல வருவதில் முக்கியமானதே இதுதான்.

1986 ஜனவரி 27 ராத்திரி. மறுநாள் காலை சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். கடுங்குளிர். பக்கவாட்டு திட எரிபொருள் பூஸ்டர்களின் இணைப்பில் இருக்கும் ரப்பர் வளையம் குளிரில் விறைத்துவிடும் என்று அதைச் செய்த கம்பெனியின் பொறியாளர்கள் பயந்தார்கள். வளையம் பாதிக்கப்பட்ட பழைய பயணங்களைப் பார்த்தபோது சில குளிரில் நடந்திருந்தன, சில வெயிலில் நடந்திருந்தன. வெப்பநிலைக்கும் பாதிப்புக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ முடியவில்லை. கடைசியில் கம்பெனி நிர்வாகம் ஏவச் சம்மதித்தது. ஏழு பேர் இறந்தார்கள். பிறகு விசாரணைக் குழு, பாதிப்பே இல்லாமல் நல்லபடி போய்வந்த பயணங்களையும் அதே தாளில் குறித்துப் பார்த்தது. சுமார் 19 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருந்த 20 பயணங்களில் 3-ல் மட்டும் பாதிப்பு. சுமார் 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்த 4 பயணங்களில் நான்கிலும் பாதிப்பு. சேலஞ்சர் கிளம்பிய நேரத்தில் ஏவுதளத்தில் 2 டிகிரி. பதில் வெற்றிகளுக்குள் இருந்தது. அந்த ராத்திரி யாரும் வெற்றிகளை எண்ணவில்லை.

ஆகவே எரித்த ஒவ்வொரு மோட்டாரையும் எழுது. நன்றாகப் பறந்ததை எழுதுவது அலுப்பாகத்தான் இருக்கும். அந்த வரிகள் இல்லாவிட்டால் தோல்வி வரிகளுக்கு அர்த்தமே கிடையாது. அமெரிக்கக் கணக்கெடுப்பில்கூடத் தோற்றவை மட்டும்தான் வந்து சேர்கின்றன. எத்தனை நன்றாக எரிந்தன என்று யாரும் படிவம் நிரப்புவதில்லை. நீங்கள் சின்ன அணி. வாங்கியது இத்தனை, எரித்தது இத்தனை என்று இரண்டையும் வைத்திருக்க உங்களால் முடியும்.

அப்படி வைத்திருந்தால் என்ன கிடைக்கும் என்று பார். நல்ல மோட்டார்களிலேயே நூற்றுக்கு இரண்டு தோற்கும் என்று வைத்துக்கொள். ஒரு பேட்சில் 12 மோட்டார் எரிக்கிறாய். அதில் ஒன்றாவது தோற்க வாய்ப்பு 21 சதவீதத்துக்கு மேல், அதாவது ஐந்தில் ஒன்று. ஆகவே ஒரு தோல்வியை வைத்து பேட்சைக் குற்றவாளி ஆக்காதே; வெறும் அதிர்ஷ்டக் குறைவாகவும் இருக்கலாம். அதே 12-ல் இரண்டோ அதற்கு மேலோ தோற்றால்? அது தற்செயலாக நடக்க வாய்ப்பு 2.3 சதவீதம்தான். அந்த இரண்டாவது தோல்வியன்று மிச்சத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடு. உங்கள் அணியில் இதுவரை எத்தனை எரித்தீர்கள், இந்த வெடிப்பு முதலாவதா இரண்டாவதா என்று கேட்டதற்கு ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னதாகச் சொன்னாய். உங்கள் உண்மையான கோளாறு அங்கே இருக்கிறது.

இன்னொரு எளிய கணக்கு. ஒன்றுகூடத் தோற்காமல் n மோட்டார்கள் எரித்திருந்தால், தோல்வி விகிதம் 3-ஐ n-ஆல் வகுத்த அளவுக்குக் கீழே என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். 30 எரித்து ஒன்றும் தோற்கவில்லை என்றால், பத்து சதவீதத்துக்குக் கீழே என்று மட்டும் சொல்லலாம். எவ்வளவு கொஞ்சம் பார்! தும்பாவிலிருந்து வானிலை ஆய்வுக்குப் பறக்கும் ரோகிணி ஆர்.எச்-200 ராக்கெட் 2022 நவம்பர் 23 அன்று தொடர்ச்சியாக 200-வது முறை வெற்றி பெற்றது. அந்த 200-க்கும் இந்தக் கணக்கு தருவது ஒன்றரை சதவீதம்தான். நம்பிக்கை அவ்வளவு மெதுவாகத்தான் சேரும். நடுவில் 2020-ல் அந்த ராக்கெட்டின் எரிபொருளையே பழைய பி.வி.சி. வகையிலிருந்து எச்.டி.பி.பி. வகைக்கு மாற்றியும் வரிசை அறுபடவில்லை. எதை மாற்றினோம், எப்போது மாற்றினோம் என்று எழுதிவைக்கிறவர்களுக்குத்தான் மாற்றவும் தைரியம் வரும்.

என்ன எழுத வேண்டும் என்று கேட்பாய். ஒரு நீளமான நோட்டு போதும். மோட்டார் வாங்கிய அன்றே ஒரு பக்கம்: வகை, தேதிக் குறியீடு, எண்ணிக்கை, எங்கே வைத்தோம். எரிக்கும் நாளில் ஒரு வரி: தேதி, அதே குறியீடு, அன்றைய வெப்பம், ராக்கெட்டின் எடை, பொருத்தியவர் பெயர், பறந்த விதம், டிலே எத்தனை விநாடி என்று போன் வீடியோவில் எண்ணியது. குறியீட்டை ஏவுவதற்கு முன்பே எழுத வேண்டும். வெடித்த பிறகு அது கருகிப்போயிருக்கும். எரிந்த குழலைத் தூக்கி எறியாதே. தோற்றதை மட்டுமல்ல, அதே பேட்சில் நன்றாக எரிந்த ஒன்றையும் ஒரு கவரில் போட்டு எண் எழுதி வை. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு பேட்சிலும் கொஞ்சம் காலாவதித் தேதி தாண்டும்வரை அலமாரியில் உறங்கும். ஒரு நாள் ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

பொருத்தியவர் பெயரையும் எழுதச் சொன்னதைக் கவனித்தாயா? நான் அந்தப் பையனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. தோல்விகள் பேட்ச் மாறினாலும் ஒரே ஆளின் கையைத் தொடர்ந்து வந்தால் கோளாறு கையில். ஆள் மாறினாலும் ஒரே எண்ணைத் தொடர்ந்து வந்தால் கோளாறு பேட்சில். எண் ஒன்றாக இருந்தும் வேனில் கிடந்தவை மட்டும் வெடித்தால் கோளாறு உங்கள் எல்லோரிடமும். எதுவாக இருந்தாலும் அந்த நோட்டு சொல்லும். கூட்டத்தில் உரக்கப் பேசுகிறவர் சொல்வதைவிட அது மேல்.

பேட்ச் எண் குற்றம் கண்டுபிடிக்க மட்டும்தான் என்றும் நினைக்காதே. சேலஞ்சர் போன்ற விண்கலத்தின் இடது பூஸ்டரும் வலது பூஸ்டரும் ஒரே மாதிரி எரிய வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் கலம் ஒரு பக்கம் இழுத்திருக்கும். அதற்காக ஒரே கலவையை இரண்டு பக்கத்து எரிபொருள் கண்டங்களிலும் ஜோடி ஜோடியாக வார்த்தார்கள். அடுத்த வருஷம் மூன்று மோட்டாரைச் சேர்த்துக் கட்டி ஏவப்போவதாகச் சொன்னாயே, மூன்றையும் ஒரே பெட்டியிலிருந்து, ஒரே எண்ணில் எடு.

இப்போது கையில் மிச்சம் இருப்பவற்றை என்ன செய்வது? உங்கள் பேராசிரியர் முன்னிலையில், உந்துவிசையை அளக்கும் லோட் செல் வைத்த மேடையில், எல்லோரும் தள்ளி நின்று, சிலவற்றை நிலையாக எரித்துப் பாருங்கள்; வேனில் கிடந்தவை தனி, அலமாரியில் இருந்தவை தனி. உந்துவிசைக் கோடு ஒன்றின் மேல் ஒன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். எரித்துப் பார்த்ததை மறுபடி பறக்கவிட முடியாதுதான். நாங்களும் கரைத்துப் பார்த்த மாத்திரையை விற்றதில்லை. உள்ளே விரிசல் இருக்கிறதா என்று எந்த மோட்டாரையும் பிளந்து பார்க்காதீர்கள். தயாரிப்பாளருக்குக் கடிதம் எழுதும்போது திட்ட வேண்டாம். குறியீடு, எத்தனையில் எத்தனை, எப்படி வைத்திருந்தோம், படம். இப்படி எழுதினால் எந்தத் தரக் கட்டுப்பாட்டுக்காரரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார். “உங்கள் மோட்டார் மோசம்” என்று எழுதினால் அது மார்க்கெட்டிங் ஆளின் குப்பைக்கூடைக்குப் போகும்.

கடைசியாக ஒன்று. அந்தப் பையனிடம் நீயே போய்ப் பேசு, மெசேஜ் வேண்டாம். மன்னிப்பு, சமாதானம் என்றெல்லாம் பெரிதாக்காதே. “மோட்டார் கணக்கு ஒன்னு ஆரம்பிக்கிறோம், நீதான் எழுதணும்” என்று சொல்லி நோட்டைக் கொடு. ஒருமுறை காரணமில்லாமல் பழி சுமந்தவன் ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டான். எங்கள் நைட் ஷிஃப்ட்காரர் ஓய்வுபெறும்வரை எழுதிய ரெக்கார்டில் நான் ஒரு அடித்தல்கூடப் பார்த்ததில்லை.

பொங்கலுக்கு வருவாய்தானே? உனக்குப் பிடித்த சுழியம் செய்து வைக்கிறேன்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: மிச்சமிருக்கும் மோட்டார்களைக் காட்டுகிறேன் என்று பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏறிவிடாதே. அது கருமருந்து, வெடிபொருள் சட்டம் 1884-லிருந்து இருக்கிறது, ரயில்வே சட்டமும் சும்மா விடாது. லாஸ்பேட்டையில் ஒரு ராக்கெட் விட்டுக் காட்டும் யோசனையும் வேண்டாம், விமான நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதே லாஸ்பேட்டையில் இருக்கும் அப்துல் கலாம் கோளரங்கத்துக்கு உன்னையும் தாத்தாவையும் கூட்டிப்போகிறேன். நோட்டின் முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு வா. கட்டங்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துத் தருகிறேன்.